அனந்தராமனின் சொந்தத் தவறு

மராத்தி பேசும் ஊரான கராடியில் குடியிருக்கும் அனந்தராமனுக்கு வயது நாற்பத்தாறு. ஐந்து மாதமாக வேலை இல்லை. இந்த வயதில் கம்பெனிக்காரர்கள் கணினி அறிவைச் சோதிப்பதில்லை, குணத்தைச் சோதிக்கிறார்கள். "நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்" என்பார்கள். தவறே செய்யாதவன் தேறமாட்டான், பெரிதாகச் செய்தவனும் தேறமாட்டான். தவறு அளவாக இருக்க வேண்டும்.

அனந்தராமனிடம் அப்படி ஒன்று இருந்தது, அதுவும் நிஜமானது. முன்பு ஒரு மருத்துவமனையின் மென்பொருளில் கைதவறி எல்லோருடைய அப்பாயின்ட்மென்ட் நேரத்தையும் குழப்பிவிட்டார். யார் மீதும் பழி போடாமல், இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தானே போன் செய்து, அரைகுறை மராத்தியில் மன்னிப்புக் கேட்டார். தன் வாழ்க்கையில் அவருக்கே பிடித்த நாள் அது ஒன்றுதான். போன வருஷம் பக்கத்து பிளாட் பார்கவி இன்டர்வியூவுக்கு மாதிரிப் பதில் ஒன்று கேட்டபோது, தாராள மனதோடு அதை அடுக்ககத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

இன்டர்வியூ எடுத்த ஹரீஷ் கோயம்புத்தூர்க்காரன், முப்பது வயதிருக்கும். மருத்துவமனை என்றதுமே கை காட்டி நிறுத்தினான்.

"இருநூத்திப் பன்னெண்டு பேருங்களா, சார்?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த மாசம் நீங்க நாலாவது ஆளுங்க. ஒருத்தரு நானூறு பேருன்னாரு. வாட்ஸ்அப்ல வர்றத அப்படியே ஒப்பிச்சா எப்படிங்க? சொந்தமா ஒண்ணு சொல்லுங்க."

அது என்னுடையதுதானடா என்று கத்தத் தோன்றியது. கத்தினால் வேலை கிடைக்காது. ஆகவே சொந்தமாக ஒன்று சொன்னார், அதாவது அந்த நிமிடமே புளுகினார். சோதிக்காத மென்பொருளைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னாராம் பழைய மேனேஜர். இவர் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினாராம். நிஜத்தில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டவர் இவர்.

ஹரீஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இதுதாங்க சார் நிஜம். சொல்றப்பவே உங்க குரல் நடுங்குது பாருங்க."

வேலை கிடைத்தது. மனைவி லலிதா கேசரி கிண்டினாள். சேர்ந்த அன்றே ஹரீஷ் அந்தக் கதையை டீம் முழுவதற்கும் சொன்னான், எல்லோரும் கைதட்டினார்கள். அனந்தராமனுக்கு உடம்பெல்லாம் கூசியது. இருந்தாலும் கூடவே கொஞ்சம் தட்டினார்.

மூன்றாவது வாரம் ஹரீஷ் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டோடு வந்தான்.

"பாதிதான் டெஸ்ட் பண்ணியிருக்கோமுங்க. நாளைக்கு அனுப்பியாகணும். நீங்க கையெழுத்துப் போட்டா கிளையன்ட் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க சார். உங்க கதைய அவங்ககிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

அனந்தராமன் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் கேலி செய்யவில்லை. கையெழுத்துப் போட்டார்.