நெடி வராத மிளகாய்

துருக்கி மிளகாய்க்குக் காரம் கிடையாது. பார்க்க நம்ம ஊர் நீட்டு மிளகாய் மாதிரியேதான் இருக்கும். ஒல்லியாக, நுனி வளைந்து, பழுத்தால் நல்ல சிவப்பு. காயவைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று எனக்கே தெரியாது, கடித்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த ஒரு விஷயத்தை என் வீட்டில் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

விதை வந்தது 2006-ல். என் கணவர் அப்போது கத்தாரில் கட்டட வேலையில் இருந்தார். அவருடைய ஃபோர்மேன் ஒரு துருக்கிக்காரர். அந்த மனிதர் லீவு முடிந்து வரும்போதெல்லாம் தன் ஊர்த் தோட்டத்து விதைகளைக் கொண்டுவந்து, கேம்ப்புக்குப் பின்னால் ஏசி தண்ணீர் சொட்டுகிற இடத்தில் பாத்தி கட்டி வளர்ப்பாராம். இதெல்லாம் எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் போடுகிற விதை, கடையில் கிடைக்காது, உனக்குத் தருகிறேன், நீயும் நாலு பேருக்குக் கொடு என்று சொல்லிக் கொடுத்தாராம். என் கணவர் ஊருக்கு வந்தபோது பெட்டியில் சென்ட் பாட்டிலுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே ஒரு சாக்ஸ் இருந்தது. அதற்குள் மூன்று பொட்டலம்: மிளகாய், தக்காளி, கத்திரி. மாமியார் சாக்ஸை உதறிப் பார்த்துவிட்டு, ஊரான் பிள்ளைகள் தங்கம் கொண்டுவருகிறார்கள், என் பிள்ளை கத்திரி விதை கொண்டுவந்திருக்கிறான் என்றார்.

செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். அதிலும் வளர்ந்துவிட்டன. தக்காளி ரோஸ் நிறத்தில் உள்ளங்கை அளவுக்குக் காய்த்தது. தோல் அவ்வளவு மெல்லிசு, பையில் போட்டு நாலு எட்டு நடந்தால் ரசமாகிவிடும். கத்திரிக்காய் குண்டாக, வழுவழுவென்று, ஒன்று போட்டால் ஒரு வீட்டுச் சாம்பாருக்குப் போதும். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். கிழித்த காலண்டர் தாள்களில் விதையை மடித்து டீச்சர்களுக்கெல்லாம் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் என் தக்காளி பூ விட்டுவிட்டது, உன்னுடையது எப்படி என்று போட்டி ஆரம்பித்துவிட்டது. வாங்கினவர்கள் அடுத்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் நான் வைத்த நிபந்தனை.

நான் முதலில் கொடுத்தது என் ஓரகத்திக்கு. என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவள் கணவர் தவறிவிட்டார், குழந்தை இல்லை. சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி போர்ஷனில் தனியாக இருந்தாள். பால்வாடியில் வேலை. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், சொந்த அக்காவிடம் கூட அவ்வளவு ஒட்டுதல் எனக்குக் கிடையாது.

இரண்டாம் வருஷம் எங்கள் தோட்டத்து மிளகாயில் மாமியார் பஜ்ஜி போட்டார். இனிப்பு மிளகாய்தானே என்று முழுசாகக் கடித்தவர், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, சர்க்கரை டப்பாவைத் தேடி ஓடினார். பக்கத்திலேயே அவர் வைத்திருந்த நாட்டு மிளகாயோடு கலந்து, விதை கெட்டுப்போயிருந்தது. மற்ற மிளகாய்க்குப் பக்கத்தில் வைக்காதே என்று ஃபோர்மேன் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். என் கணவர் அதை எங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டார். அதற்குப் பிறகு சுத்தமான துருக்கி மிளகாய் அக்காவின் மாடியில் மட்டும்தான் இருந்தது. சுற்றுவட்டத்தில் யாரும் மிளகாய் போடவில்லை. போதாததற்கு அவள் மெல்லிய வாயில் புடவைத் துணியில் பை மாதிரி தைத்து மொட்டிலேயே கட்டிவிடுவாள். வருஷா வருஷம் நான் தக்காளி விதையும் கத்திரி விதையும் கொண்டுபோவேன், அவள் மிளகாய் விதை தருவாள், எங்கள் தோட்டத்தில் நாட்டு மிளகாய் இருந்ததால் அதை டீச்சர்களுக்குக் கொடுத்துவிடுவேன். எங்களுக்குள் சீர்வரிசை அதுதான்.

2010-ல், கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்கா பார்க்க வந்தாள். கையில் நூலில் கோத்த காய்ந்த மிளகாய்ச் சரம். விதையைப் பிரிக்காதே, பழத்துக்குள்ளேயே இருக்கட்டும், ஆடிப்பட்டத்துக்கு எடுத்து விதைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, பின்வாசல் ஆணியில் அவளே மாட்டினாள். அன்று பூராவும் குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், கண் அப்படியே பெரியப்பா கண் என்றாள். செத்துப்போன புருஷனை அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமியாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் குழந்தைக்குத் தடுப்பூசி. சாயங்காலம் காய்ச்சல் வரும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினார். வந்தது. பால் குடிக்காமல் வீல் வீலென்று கத்தினாள். நர்ஸ் சொன்ன மருந்தைக் கொடுத்துவிட்டு நான் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தேன். மாமியார் உப்பும் மிளகாயும் தெருமண்ணும் எடுத்துவந்து குழந்தையைச் சுற்றி, பின்னால் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்ததில் கொண்டுபோய்ப் போட்டார். கண்பட்டிருந்தால் மிளகாய் நெடி அடிக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மற்ற நாளில் சுற்றிப் போட்டால் தெருவே இருமும். அன்று உப்பு மட்டும் படபடவென்று வெடித்தது. மாமியார் உள்ளே வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நெடியே வர்லம்மா. வெல்லம் தீயற மாதிரி ஒரு வாடை. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க."

யார் கண் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மறுநாள் காலை குழந்தை சிரித்துக்கொண்டு எழுந்தாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஊசிக் காய்ச்சல் ஒரு ராத்திரிதான் இருக்கும். ஆனால் மாமியாருக்கு அது போதும். போன் போட்டு, கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே என்று அக்காவிடம் சொன்னார். காரணத்தையும் சொன்னார். சரிங்க அத்தை என்று அவள் சொன்னாளாம்.

பால்வாடியில் ஒரு தெருப் பிள்ளைகள் பூராவும் நாள் முழுக்க அவள் மேல் ஏறி இறங்குகின்றன, அதில் எந்தப் பிள்ளைக்கு அவள் கண் பட்டது என்று நான் சண்டை போட்டேன். அதெல்லாம் ஊரார் பிள்ளை, இது அவள் புருஷன் வீட்டுப் பிள்ளை, ஏக்கம் வராதா என்று மாமியார் கேட்டார். கணவரிடம் போனில் அழுதேன். அம்மாவிடம் மல்லுக்கு நிற்காதே, நான் வந்து பேசிக்கொள்கிறேன் என்றார். அவர் வருவதற்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

ஆடி பிறந்தது. இந்தத் தடவை தொட்டியில் தனியாக விதைக்கலாம் என்று பின்வாசலுக்குப் போனால் ஆணியில் வெறும் நூல் தொங்குகிறது. மிளகாய் எங்கே என்று மாமியாரிடம் கேட்டேன்.

"அன்னிக்குக் கொழந்தைக்குச் சுத்திப் போட அதைத்தான் எடுத்தேன். கைக்கு எட்டினாப்பல இருந்துச்சி. மீதியக் கொழம்புல போட்டாச்சி. மொளகாதானே?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது, அழுகையாகிவிட்டது. இனிப்பு மிளகாய் எரிந்தால் எப்படி அத்தை நெடி வரும் என்று கேட்டேன். மாமியார் மடங்குகிற ஆள் இல்லை. துருக்கி மிளகாய்க்குக் காரம் இல்லை என்று என்னிடமே சொல்கிறாயா, பஜ்ஜி போட்டு நான் பட்டது எனக்குத் தெரியாதா, அவளைக் காப்பாற்ற நீ கதை கட்டுகிறாய் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் தோட்டத்து மிளகாய் காரம்தான். சுத்தமான மிளகாய் அக்காவிடம்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். செம்மங்குப்பம் தாண்டும்வரை கெமிக்கல் கம்பெனி வாடைக்கு ஜன்னலைச் சாத்திவைத்து, வழியெல்லாம் அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். மாடியில் எல்லாம் முன்பு போலவே இருந்தது. ரோஸ் தக்காளி, குண்டுக் கத்திரி, மொட்டுக்கு மொட்டு துணிப் பை கட்டிய மிளகாய். காபி போட்டுக் கொடுத்தாள். குழந்தை குப்புற விழுகிறாளா என்று கேட்டாள். செல்போனில் படம் இருக்கிறது என்று நீட்டினேன். அவள் கத்திரித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். பால்வாடி எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, இப்போது சமையல் பக்கம் மட்டும் பார்த்துக்கொள்கிறேன், பிள்ளைகளை இன்னொரு ஆயா பார்த்துக்கொள்கிறாள் என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். சுற்றிப் போட்டது நீ கொண்டுவந்த மிளகாய்தான் அக்கா, அதனால்தான் நெடி வரவில்லை, உன் கண்ணுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றேன். அவள் துள்ளிக் குதிப்பாள், இல்லை கோபப்பட்டு மாமியாரை நாலு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படியா என்றாள். உள்ளே போய் ஒரு கை நிறைய காய்ந்த மிளகாயைக் காலண்டர் தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்சம் விதைக்கும் எடுத்து வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரை வெந்நீர் அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்தேன். முதலில் அக்காவின் மிளகாயில் ஒன்றை அவர் கண்முன்னே கடித்துத் தின்றேன். அவர் கையில் ஒன்றைக் கொடுத்தேன். நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார், பிறகு பாதியைத் தின்றார். மீதியை நெருப்பில் போட்டேன். வெல்லம் தீய்கிற வாடை வந்தது. அடுத்ததாகக் கடையில் வாங்கிய வற்றலைப் போட்டேன். இரண்டு பேரும் இருமி இருமிக் கொல்லைப்புறம் ஓடினோம். பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேல் எட்டி, யாருக்குச் சுற்றிப் போடுகிறீர்கள் என்று கேட்டார்.

மாமியார் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நெடி அடங்கி வெகு நேரம் ஆகியும் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி நான் எவ்வளவோ குறை சொல்லியிருக்கிறேன், ஆனால் அன்று அவர் சாக்குச் சொல்லவில்லை. அவளுக்குப் போன் போடு என்றார். பிள்ளைக்குக் காது குத்துகிறோம், நீ வராமல் நடக்காது, எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே அம்மா என்று அவரே பேசினார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

காது குத்து வீட்டிலேயே வைத்தோம். அக்கா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். ஒரு மஞ்சப்பை நிறைய விதைப் பொட்டலம். வந்த பெண்களுக்கெல்லாம் தாம்பூலத்தோடு ஆளுக்கு ஒன்று கொடுத்து, மிளகாயைத் தனியாக வையுங்கள், துணி கட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் பேசினாள், சிரித்தாள். குழந்தை இருந்த கூடத்துக்கு மட்டும் வரவில்லை. என் தம்பி மடியில் வைத்துக் காது குத்தும்போது குழந்தை அலறினாள். அக்கா அடுக்களையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

மாமியார் அதைக் கவனித்துவிட்டார். அழுகை ஓய்ந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். நாலைந்து பெண்கள் பார்க்கட்டும் என்றேதான் அவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். பெரியம்மாகிட்ட போ என்று சொல்லி அக்காவின் மடியில் இறக்கிவிட்டார். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வாங்கும்போதே கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மாமியார் அப்படியே நின்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைத் திற அக்கா, அது இனிப்பு மிளகாய்தான் அக்கா என்று மெதுவாகச் சொன்னேன்.

"தெரியும்டி. நான் போட்ட வெதை எனக்குத் தெரியாதா? ஆனா அந்தப் பேச்சு காதுல வுழுந்துடுச்சே. இப்படியே கொஞ்ச நேரம் வெச்சிருக்கேன், வுடு."

குழந்தை அவள் மூடிய இமையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் கடைசிவரை கண்ணைத் திறக்கவில்லை.