பொம்பளப் புள்ளைக்கு இது போதும்

எனக்குப் பெங்களூரில் ஆர்க்கிடெக்சர் படிக்க இடம் கிடைத்தது, சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு ஒவ்வொரு ஷிஃப்டிலும் அடிபட்டுக்கொண்டிருந்த வருடத்தில். அப்பா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் வேலை பார்த்தார். கம்ப்யூட்டருக்கான பணம் அம்மாவுடையது. சுரங்கக்காரர்கள் குடியிருந்த கோரமண்டல் லைனில், எங்கள் வீட்டின் முன்னறையில் ரவிக்கை தைத்தே சேர்த்தது.

அட்மிஷன் அன்றே சீனியர் அக்காக்களிடம் விசாரித்திருந்தேன். கட்டட வரைபடம் போட மெமரி அதிகம் வேண்டும், தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் பெரிய மானிட்டர் வேண்டும் என்றார்கள். மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் பரவாயில்லையாம். வீட்டில் வந்து சொன்னேன். அப்பா, மாமாவைக் கேட்டுக்கொள்ளலாம் என்றார். மாமா அம்மாவின் தம்பி. பெங்களூரில் ஓர் ஆபீஸில் கணக்கு பார்ப்பவர். கம்ப்யூட்டரில் வேலை செய்பவர் என்பதால், கம்ப்யூட்டர் என்றால் எங்கள் சொந்தத்தில் அவர்தான்.

பெங்களூர்க் கடைக்கு மாமா, அப்பா, நான் மூன்று பேரும் போனோம். அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைக்காரர் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. பையன் என்ன படிக்கிறான் என்று மாமாவிடம் கேட்டார். பையன் இல்லை, இந்தப் பெண்தான் என்றார் மாமா. உடனே கடைக்காரர் மேல் தட்டிலிருந்து எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டுக் கீழ்த் தட்டுக்குப் போனார். நான் மெமரியைப் பற்றிப் பேச வாயைத் திறந்தேன்.

"நீ சும்மா இரும்மா. பொம்பளப் புள்ளைக்கு இது போதும்," என்றார் மாமா.

மிச்சமான பணத்தில் பெரிய ஸ்பீக்கர்களும், கம்ப்யூட்டரிலேயே டிவி பார்க்க ஒரு கார்டும் வாங்கினார். வீட்டில் எல்லாருக்கும் உதவுமாம். அப்பாவைப் பார்த்தேன். அவர் தெருவில் போகும் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கோபத்தில் பாதி அந்த நிமிடத்திலேயே மாமாவை விட்டு அப்பாவிடம் போய்விட்டது.

காலேஜ் தொடங்கியது. விடியலில் ரயில், மாலையில் ரயில், வந்ததும் கம்ப்யூட்டர். ஒரு சின்ன வீட்டின் பிளான் வரைகிற வரைக்கும் அது தாங்கியது. இரண்டாவது மாடியைச் சேர்த்ததும் திரை அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட்டால் வரைந்தது காணாமல் போயிருக்கும். மறுபடி வரைவேன், மறுபடி உறையும். சப்மிஷன் அன்று பாதி ஷீட்டோடு போய் நின்றேன். தங்கவயலிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் படிப்பு கஷ்டம்தான் என்று வாத்தியார் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார். வீட்டுக்கு வந்து ஸ்பீக்கர் இரண்டையும் பிடுங்கித் தரையில் வைத்தேன். அழவில்லை. அம்மா தைப்பதை நிறுத்திவிட்டு இன்னா ஆச்சு என்று கேட்டாள். முதல் தடவையாக யாரோ கேட்டார்கள். கடையில் நடந்தது முழுவதையும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவும் நானும் பெங்களூர் ரயில் ஏறினோம். சிபியூவைப் பழைய போர்வையில் சுற்றி அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்பீக்கர் என் காலடியில். கடைக்காரருக்கு எங்களை நினைவில்லை, மாமாவை நன்றாக நினைவிருந்தது. வாங்கின சாரை வரச் சொல்லுங்கள், அவரிடம் பேசிக்கொள்கிறேன் என்று கன்னடத்தில் சொன்னார்.

"வாங்குனவ நான்," என்றாள் அம்மா தமிழில். "என் பொண்ணு இன்னா கேக்குதோ அத்தப் போட்டுக் குடுங்க. அதுவரிக்கும் நான் இங்கியேதான் நின்னுக்கினு இருப்பேன்."

நின்றாள். வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு கடைக்காரர் ஸ்பீக்கரையும் டிவி கார்டையும் திருப்பி எடுத்துக்கொண்டு, மெமரியும் கிராபிக்ஸ் கார்டும் போட்டுக் கொடுத்தார். மானிட்டரை மட்டும் மாற்ற முடியாது என்றுவிட்டார். அந்தச் சின்னத் திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டுதான் படிப்பை முடித்தேன். கண்ணாடி போட்டதும் அப்போதுதான்.

விஷயம் மாமாவுக்கு எட்டியது. தன்னை அவமானப்படுத்திவிட்டோம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்பா தன் வார விடுமுறையில் பெங்களூர் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார், எங்கள் சார்பில். அன்றைக்கு அம்மா அப்பாவுக்குத் தட்டு வைக்கவில்லை. நானும் எழுந்து போய் வைக்கவில்லை. அவரே போட்டுச் சாப்பிட்டார்.

நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது மாமா பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட்டார். அவர் மகன் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தான். பழைய பேச்சையே எடுக்காமல், எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம், கடையிலேயே பெரிய மானிட்டர் எது என்று கேட்டார். எதற்கும் போதும் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. எல்லாவற்றையும் சரியாகவே சொன்னேன். தப்பாகச் சொல்லியிருக்கலாம், மனசு வரவில்லை.

கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன். "கடையில உங்க புள்ளைய வாயத் தொறந்து பேச வுடுவீங்களா மாமா?"

"பின்ன? அவன்தானே யூஸ் பண்ணப் போறான்," என்றார்.

நான் போனை வைத்துவிட்டேன்.