நிழலுக்கு நகர்த்திய குஞ்சு

படகில் ஏறுவதற்கு முன்னால் என் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, அடிப்பாகத்தைப் பிரஷ்ஷால் தேய்த்தாள் என் மகள். ஒரு தீவின் மண்ணும் விதையும் இன்னொரு தீவுக்குப் போகக் கூடாதாம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்று வருஷம் மகளோடு பேசாமல் இருந்துவிட்டு வந்தவனுக்கு இந்த மரியாதை போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகள் விலங்கியல் படித்தாள். ஆராய்ச்சிக்கென்று பசிபிக் கடலின் நடுவே இருக்கும் எரிமலைத் தீவுகளுக்குப் போனவள், அங்கேயே ஒரு படகுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். எங்களிடம் கேட்கவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். அன்றைக்குப் போனை வைத்தவன் பிறகு எடுக்கவே இல்லை. என் மனைவி மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். மகள் எங்கள் இருவருக்கும் டிக்கெட் அனுப்புகிறேன் என்றபோது, மூட்டு வலியோடு என் மனைவியால் அவ்வளவு தூரம் உட்கார முடியாத நிலை.

“ஏனுங்க, நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. புள்ளைகிட்ட நாலு வார்த்தை பேசிட்டு வாங்க, அது போதும்,” என்றாள்.

சேலத்தில் இருக்கும் மகன் விமான நிலையம் வரை கொண்டுவந்து விட்டான். அந்த நாலு வார்த்தைக்காக மூன்று விமானம் மாறிப் போனேன். நாலு நாள் ஆகியும் ஒரு வார்த்தை வரவில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது, வெயில் அதிகம் என்பதையெல்லாம் பேச்சில் சேர்க்க முடியாது.

மகள் இப்போது அங்கே வழிகாட்டி. அரசாங்க உரிமம் உள்ளவர்கள்தான் அந்தக் கடற்கரைகளுக்கு ஆட்களைக் கூட்டிப் போகலாம். ஐந்தாம் நாள் பத்துப் பயணிகளோடு என்னையும் கூட்டிப் போனாள். பாதையை விட்டு விலகக் கூடாது, எந்த உயிரையும் தொடக் கூடாது, யார் மீறினாலும் போவது தன் உரிமம் என்று இங்கிலீஷில் சொன்னவள், எனக்காகத் தமிழில் மறுபடி சொன்னாள். தலையை ஆட்டினேன்.

அந்தக் கரையில் மணலும் கருப்பு, பாறையும் கருப்பு. சந்தை நாளில் லாரியிலிருந்து இறக்கிப்போட்ட மூட்டைகள் மாதிரி கடற்சிங்கங்கள் வழியெல்லாம் படுத்துக் கிடந்தன. பாறை நிறத்திலேயே பெரிய உடும்புகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்து, அவ்வப்போது மூக்கால் உப்புத் தண்ணீரைத் தும்மின. எதுவும் எங்களுக்காக நகரவில்லை. நாங்கள்தான் சுற்றிப் போனோம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் மிருகம் மனிதனைக் கண்டு ஓட வேண்டும், இல்லை மனிதன் மிருகத்தைக் கண்டு ஓட வேண்டும். பலாப்பழத்துக்கு வரும் குரங்கைத் தகரம் தட்டி விரட்டுவோம். காட்டெருமை ரோட்டில் நின்றால் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே வெள்ளக்கடை கிராமத்துக்கே போய்விடுவோம். இரண்டும் இல்லாமல் ஒரு கீரி பட்டப்பகலில் நின்று நம்மையே பார்த்தால், அதற்கு வெறி பிடித்திருக்கிறது, அல்லது சாகப் போகிறது. இது எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கொஞ்சம் மேட்டில் நீலக்கால் பறவைகள் இருந்தன. சாயத்தில் முக்கி எடுத்த மாதிரி கால்கள். கூடு கிடையாது, வெறுந்தரையில்தான் முட்டை, குஞ்சு எல்லாம். பாதையோரமாக ஒரு குஞ்சு மட்டும் வெயிலில் தனியாக உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. குனிந்தேன், ஓடவில்லை. கையை நீட்டினேன், அப்போதும் ஓடவில்லை. இதற்கு உடம்பு முடியவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். மகள் முன்னால் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். “வா சாமி,” என்று இரண்டு கையாலும் அள்ளி, நாலடி தள்ளிப் புதர் நிழலில் வைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“தொட்டீங்களாப்பா?”

“வெயில்ல கெடந்துச்சு கண்ணு. நொம்ப முடியாம இருந்துச்சு.”

“அதுக்கு ஒண்ணுமில்லீங்கப்பா. இங்க எல்லாமே அப்பிடித்தான் உக்காந்திருக்கும்.” தரையைக் காட்டினாள். குஞ்சு இருந்த இடத்தைச் சுற்றி எச்சம் வெள்ளை வட்டமாகக் காய்ந்திருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. “இதுதான் அதோட ஊடு. இந்த வட்டத்தத் தாண்டிக் கெடந்தா, பெத்ததே வந்தாலும் தன் குஞ்சுன்னு பாக்காது. எரை குடுக்காது.”

சொன்னபடியே நடந்தது. தாய் வந்து இறங்கி, வட்டத்துக்குள் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தது. நாலடி தூரத்தில் குஞ்சு தொண்டை கிழியக் கத்தியது. தாய் இறகைக் கோத ஆரம்பித்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக்கிவிட்டேன். மகளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எடுத்து வைக்க அவளுக்கும் அனுமதி வேண்டும். வாக்கிடாக்கியில் உரிமம் தரும் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். “ஆபீசுக்காரங்க ஆரும் பாக்கலயே, தூக்கி வெச்சுட்டா என்ன?” என்று கேட்டேன். என்னைப் பாதைக்குள் தள்ளி நிறுத்தினாள். அனுமதி வந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு, குஞ்சை வட்டத்துக்குள் விட்டுவிட்டுப் பின்வாங்கி வந்தாள். கொஞ்ச நேரத்தில் குஞ்சு தாயின் வாய்க்குள் தலையை விட்டது. எனக்கு உயிர் வந்தது.

ஆனால் கூப்பிட்டதால் விஷயம் பதிவாகிவிட்டது. திரும்பும் படகில் மகள் ஒரு படிவத்தை மடியில் வைத்து நிரப்பினாள். ஓரிடத்தில் பேனா நின்றது. என்னவென்று கேட்டேன். தொட்ட பயணி வழிகாட்டிக்கு உறவா என்று ஒரு கேள்வி. உறவில்லை என்றால் உரிமம் ஒரு மாதம் நிற்கும். உறவென்றால் ஆறு மாதம். சொந்தக்காரரையே தடுக்காதவளை நம்பி மற்றவர்களை எப்படி அனுப்புவது என்பது அவர்கள் நியாயம். படகை ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் திரும்பி, தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். உறவில்லை என்று எழுதச் சொல்கிறார் என்பது எனக்கே புரிந்தது.

“மாப்பிள்ளை சொல்றதுதான் சரி சாமி. ஒறவில்லைன்னு போட்டுரு,” என்றேன். அவரை மாப்பிள்ளை என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

“அப்பிடி எப்பிடிங்கப்பா எழுதறது?” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். ‘அப்பா’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆறு மாதம் அவள் எந்தக் கரைக்கும் ஆட்களைக் கூட்டிப் போகவில்லை.

அன்று படகிலிருந்து கரை தெரிந்த பிறகு சொன்னேன்.

“இந்த மூணு வருசமா, எத்தன புள்ளைங்கன்னு ஊர்ல யார் கேட்டாலும், ஒரே பையன்னுதான் சொல்லிட்டிருந்தேன்.”

மகள் படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

“தெரியுமுங்கப்பா,” என்றாள். “அம்மா அப்பவே சொன்னாங்க.”