வெர்லீனும் இரண்டு நாய்களும் அறுநூற்று நாற்பது டாலரும்

பழைய பஸ் ஒன்றில் குடியிருக்கும் ஓரினுக்கு வெர்லீன் அறுநூற்று நாற்பது டாலர் தர வேண்டியிருந்தது. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் இழுவை வண்டிக்கும் ஆன பணம். வேன் நட்டநடுப் பாலையில் படுத்துவிட்ட அன்று அவள் வாய் திறந்து கேட்கவில்லை. அவனாகத்தான் ஊருக்குள் போய் மெக்கானிக்கிடம் பணத்தைக் கட்டினான். "வெயில் ஏறுறதுக்குள்ள குடுத்துடு, அம்மணி" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

வண்டியையே வீடாக்கிக்கொண்டு, அரிசோனாப் பாலைக்குக் குளிர்காலத்தில் வந்து தங்கும் வண்டிக்காரர்களுக்குள் இது எழுதாத சட்டம். யாருக்கும் கதவு எண் கிடையாது, தெருப்பெயர் கிடையாது. ஏப்ரலில் தரை கொதிக்க ஆரம்பித்ததும் ஆளுக்கொரு பக்கமாக வடக்கு மலைகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். பிறகு யாரை எங்கே போய்த் தேடுவது? அதனால் கொடுக்கல் வாங்கல் எல்லாம் வெயிலுக்கு முன்பே தீர்ந்துவிட வேண்டும். தீர்க்காமல் போனவர்கள் மறு குளிர்காலத்துக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். இங்கே முகம் காட்ட மாட்டார்கள்.

வெர்லீன் தீர்க்காமல் போனவள்.

பணத்தைச் சேர்த்துத்தான் வைத்திருந்தாள். மார்ச் கடைசியில் சின்ன நாய் பட்டனைப் பாம்பு கொத்திவிட்டது. வாலைக் கிலுகிலுவென்று ஆட்டுமே, அந்த விரியன். விஷமுறிவு ஊசிக்குச் சேர்த்ததெல்லாம் போனது, மேலே கொஞ்சமும் போனது. அதைக்கூட விட்டுவிடலாம். ஓரினிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? வாய் வரவில்லை. விடியுமுன் எஞ்சினைக் கிளப்பி, விளக்குக்கூடப் போடாமல் போய்விட்டாள். அந்தக் கோடை முழுக்க மலைக்காட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் கதை தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய அடி என்று புரியும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நெப்ராஸ்காவில் முதியோர் இல்லம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் கிழவர்களையும் கிழவிகளையும் தூக்கி, குளிப்பாட்டி, துடைத்துப் படுக்க வைத்தவள். தூக்கித் தூக்கியே முதுகுத்தண்டு போனது. இடது காலில் பாதிக்கு மேல் உணர்ச்சி இல்லை. ஆனால் யாரிடமும் ஒரு சல்லி கடன் வைத்ததில்லை. ஓய்வுப்பணம் வாடகைக்கே சரியாகப் போனது. அப்புறம் வீட்டுக்காரன் நாய் ஆகாது என்றான். நாயை விடச் சொன்னார்கள். அவள் வீட்டை விட்டாள்.

பழைய மினிவேன் ஒன்றை வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றி எறிந்து, கட்டிலும் அலமாரியும் அடுப்பு மேடையும் தானே அறுத்து அடித்தாள். படுக்கையிலிருந்து அப்படியே சறுக்கி ஓட்டுநர் இருக்கைக்கு வந்துவிடலாம்; வெளியே இறங்கவே வேண்டாம். "எந்தத் தச்சன் வேணும்னாலும் வந்து பாக்கட்டும். ஒரு ஆணி கோணலா இருந்தா என் பேரை மாத்திக்கறேன்" என்று புது ஆள் கிடைத்தால் சொல்லாமல் விடமாட்டாள். சக்கரம் வைத்த நடைவண்டி சரளைக்கல்லில் உருளாது என்பதால், பழைய சாமான் கடையில் பனிச்சறுக்குக் கோல்கள் இரண்டை வாங்கி ஊன்றிக்கொண்டு நடந்தாள். பனியே விழாத பாலையில்.

இந்த நவம்பரில் வேறு இடம் பார்க்கவில்லை. நேராக அதே இடத்துக்கு வந்து, அதே கள்ளிக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தினாள். சாயங்காலம் நாற்காலியை எடுத்துக்கொண்டு, இரண்டு நாய்களோடு, எல்லாரும் கூடி உட்காரும் நெருப்படிக்குப் போனாள். புதிதாக ஒருவர் வந்தால் இருப்பவர்கள் நாற்காலியை நகர்த்தி இடம் விடுவது அங்கே வழக்கம். ஒருவரும் நகரவில்லை. ஓரின் நெருப்பைப் பார்த்தபடி கேட்டான்.

"பட்டன் பொழைச்சுதா?"

"உனக்கு யாரு சொன்னா?"

"ஊருக்குள்ள மாட்டு டாக்டர் நாய் டாக்டர் எல்லாம் ஒரே ஆளுதானே, சேதி வராதா? பொழைச்சுதா?"

"பொழைச்சுது."

"அப்ப அதுல ஒரு காலு எனக்குச் சொந்தம். எந்தக் காலுன்னு சொல்லிடு."

"பின்னங்கால். அதைத் தூக்கித்தான் உன் பஸ் டயர்ல மூத்திரம் அடிக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. அவள் உட்கார்ந்த பிறகு ஓரின் குரலைத் தாழ்த்தினான்.

"காசு?"

"வெயிலுக்கு முன்ன."

"போன தடவையும் இதையேதான் சொன்னே."



மறுநாளே வேலையில் இறங்கினாள். வண்டி ஜன்னல்களுக்கு வெள்ளித்தாள் மறைப்பு வெட்டிக் கொடுக்கும் வேலை. வெயிலும் குளிரும் உள்ளே வராது, வெளியிலிருந்து எவனும் எட்டிப் பார்க்கவும் முடியாது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் அச்சு எடுத்து, ஓரம் தைத்து, காந்தம் வைத்துக் கொடுப்பாள். ஒரு வண்டிக்கு நாற்பத்தைந்து டாலர். வேன் கதவைத் திறந்து வைத்து, வாசலில் உட்கார்ந்து தைத்தாள். காலடியில் பெரிய நாய் கிரேவி படுத்திருக்கும். பழுப்பு நிறம், மூஞ்சி மட்டும் நரைத்தது. முதியோர் இல்ல வாசலில் யாரோ விட்டுப்போன குட்டி. பதினாலு வயசாகிவிட்டது. சேர்ந்த பணத்தை நாய்த்தீனி வாளிக்கு அடியில் வைத்தாள்.

பிப்ரவரியில் அறுநூறு சேர்ந்தபோது கிரேவி சாப்பிடுவதை நிறுத்தியது.

ஊருக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, நல்லவள்.

"மண்ணீரல்ல கட்டிங்க. பெரிசா இருக்கு."

"அறுத்தா?"

"அறுத்தா ரெண்டு மாசம், மூணு மாசம் கூட வரலாம். ஆயிரத்தி இருநூறு ஆகும். பாதியை இப்பக் கட்டுங்க, மீதியத் தவணைல வாங்கிக்கறேன்."

பாதி அவளிடம் இருந்தது, வாளிக்கு அடியில்.

வெர்லீன் கிரேவியின் காதைத் தடவிக்கொடுத்தாள். முதியோர் இல்லத்தில் ஒரு விவசாயிக் கிழவர் இருந்தார். பிள்ளைகளுக்கு அவரை விட மனசில்லை. அறுத்தார்கள், குழாய் போட்டார்கள், மறுபடி அறுத்தார்கள். ஒருநாள் குளிப்பாட்டும்போது கிழவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "போதும்னு அவங்ககிட்ட நீ சொல்லும்மா" என்றார். அவள் ஆயாதானே, அவள் சொல்லி யார் கேட்பார்கள்? சொல்லவில்லை.

"அறுக்க வேண்டாம். வலிக்கு மாத்திரை குடுங்க."

பார்த்ததற்கும் படம் எடுத்ததற்கும் மாத்திரைக்குமாக நூற்று முப்பது போனது.

திரும்பி வந்த சாயங்காலம் ஓரின் வந்தான். அங்கே யாரும் வண்டிக் கதவைத் தட்ட மாட்டார்கள். தள்ளி நின்று குரல் கொடுப்பார்கள்.

"உள்ள இருக்கியா அம்மணி?"

"எங்க போகப் போறேன்? வா."

அவன் கிட்டே வந்து கிரேவியைப் பார்த்தான். நாய் வாலை ஒரு தரம் அசைத்தது.

"கேள்விப்பட்டேன். இங்க பாரு, என் காசு எங்கயும் ஓடிடாது. அதை எடுத்து வைத்தியம் பாரு."

"காசுக்காக இல்லை ஓரின்."

"பின்ன எதுக்காம்?"

"அதுக்குப் போதும்னு தோணுது. எனக்குத்தான் போதல."

ஓரின் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு போய்விட்டான். ஆனால் அடுத்த வண்டி மேவிஸ் சும்மா இருப்பாளா? தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நாலு பேர் காதுபட, "பட்டனுக்கு அடுத்தவன் காசையே அள்ளி விட்டே. கிரேவிக்கு மட்டும் கை வரலையாக்கும்?" என்றாள். வெர்லீன் குடத்தை மூடி, கோலை ஊன்றித் திரும்பி நடந்தாள். அந்தச் சொல் எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டது. கடனை அடைக்க நாயைச் சாகவிட்டவள் என்றல்லவா ஆகிவிட்டது? இனி ஓரினிடம் பணத்தை நீட்டினால் அந்தப் பேர் உறுதியாகிவிடும். நீட்டாவிட்டால் பழைய பேர் இருக்கவே இருக்கிறது. எந்தப் பேரோடு போவது என்று அவள் நாள்கணக்காகத் தைத்துக்கொண்டே யோசித்தாள்.

கிரேவியால் கட்டிலில் ஏற முடியவில்லை. ஒரு காலத்தில் நூறு கிலோ ஆளைத் தூக்கியவளால் முப்பது கிலோ நாயைத் தூக்க முடியவில்லை. மெத்தையை உருவித் தரையில் போட்டு, அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். தினமும் காலையில் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்து நிற்பதற்குள் உயிர் போய் வந்தது. பட்டன் நடுவில் வந்து படுத்துக்கொள்ளும்.

மார்ச் நடுவில் ஒரு காலை. கிரேவி கொஞ்சம் தண்ணீர் குடித்தது. தலையை அவள் உள்ளங்கையில் வைத்தது. வெயில் கதவுக்குள் வந்தபோது மூச்சு இல்லை.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. பட்டன் ஊளையிட்ட சத்தத்தில் ஓரினே கடப்பாறையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்கு எழுபத்துமூன்று வயசு. கள்ளிக்குப் பக்கத்துத் தரை சிமென்டு மாதிரி கிடந்தது. கடப்பாறை பட்டால் பொறி பறந்தது. மத்தியானம் வரை வெட்டினான். நடுநடுவே உட்கார்ந்து இளைப்பாறினான். வெர்லீன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வையோடு இறக்கி மூடி, நரி தோண்டாமல் மேலே கல் அடுக்கினார்கள். கல்லை அவள் கோலால் தள்ளித் தள்ளி விட்டாள்.

பிறகு நான்கு வண்டிகளுக்கு மறைப்பு தைத்தாள். கண் கலங்கினால் தையல் கோணும் என்று கலங்காமல் தைத்தாள். கடைசி வண்டிக்காரன் பணம் கொடுத்த அன்று, தூரத்து மலை வெயிலில் நெளிய ஆரம்பித்திருந்தது. பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். மேவிஸ் இன்னும் இருந்தாள். ஓரினின் பஸ்ஸுக்குப் பக்கத்தில்தான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு கொடுக்கலாமா என்று வெர்லீனுக்கு ஒரு கணம் தோன்றியது. போன வருஷம் இருட்டில் ஓடியது போதும் என்று எழுந்தாள். வேனை ஓட்டிக்கொண்டே போயிருக்கலாம். இரண்டு கோலையும் ஊன்றிக்கொண்டு, சரளைக்கல்லில் காலை இழுத்து இழுத்து நடந்தே போனாள். தள்ளி நின்று குரல் கொடுத்தாள்.

"யோவ் ஓரின், உள்ள இருக்கியா?"

அவன் படியில் இறங்கினான். மேவிஸ் மூட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். வெர்லீனின் சட்டைப்பையில் துருத்திய பணக்கட்டைப் பார்த்து ஓரின் சொன்னான்.

"இதுக்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தே? இப்ப என்ன அவசரம்? அடுத்த குளிருக்குப் பாத்துக்கலாம்."

"கையை நீட்டு."

"வெர்லீன்..."

"கையை நீட்டுய்யா. குழி வெட்டினதுக்கு எவ்வளவு?"

"அதுக்கெல்லாம் என்ன..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். தாடியைச் சொறிந்தான். "இருபத்தஞ்சு."

"இருபது தர்றேன்."

"கல்லுத் தரை, அம்மணி. கடப்பாறை மொனையே மழுங்கிப்போச்சு. இருபத்தஞ்சுல ஒரு சென்ட் கொறையாது."

"கிழட்டுக் கொள்ளைக்காரன்."

"சரியா எண்ணி வை. எனக்குக் கண்ணு மங்கல்."

கோல்களைப் பஸ்ஸில் சாய்த்து வைத்தாள். ஒரு கையால் பஸ்ஸின் பக்கக் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவன் விரித்த உள்ளங்கையில் இருபதுகளை வைத்தாள், பிறகு பத்துகளை, பிறகு ஐந்துகளை, ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லி. அறுநூற்று நாற்பது வந்ததும் நிறுத்தி மூச்சு வாங்கினாள். அவன் கையை மூடவில்லை. குழிக்கான இருபத்தைந்தையும் அதன்மேல் எண்ணி வைத்தாள்.