இஞ்சினியர் என்று அறிமுகப்படுத்தினார்கள்

சுவிஸின் ஆரா நகரத்தில், எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில், பொடியன்களுக்கான தொழில் வழிகாட்டல் கூட்டம். பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்போடு 'லேர' என்ற தொழிற்பயிற்சிக்குப் போய் எலக்ரீசியன் ஆனவன் நான். இப்போது என் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள்.

அறிமுகம் செய்தவர் என்னை இஞ்சினியர் என்றார். சனம் கைதட்டியது. நான் திருத்தவில்லை.

பேச்சு முடிய, முன்வரிசையில் ஒரு தகப்பன் எழும்பினார். "தம்பி, நீர் எந்த யூனிவர்சிற்றியிலை படிச்சனீர்?"

பக்கத்தில் அவர் மகன் நிரோஜன். போன கிழமை ஐந்து நாள் என்னோடு வயர் இழுத்து வேலை பழகிப் பார்த்தவன். அவனை லேரவுக்கு எடுக்க ஒப்பந்தம் ஆயத்தம். தகப்பனின் கையெழுத்துத்தான் பாக்கி.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"சூரிச்சிலை," என்றேன்.

நிரோஜன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

தேத்தண்ணி நேரம் கிட்ட வந்தான். "அண்ணை, லேர செய்தாலும் முன்னுக்கு வரலாம் எண்டு காட்டத்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"இப்பவே அவரோடை கதைக்கிறன்."

"வேண்டாம் அண்ணை. அவர் நல்ல சந்தோசமா நிக்கிறார். உங்களைப் போல நானும் யூனிவர்சிற்றிக்குப் போகட்டாம்."

அவன் வேண்டாம் என்றது எனக்கு வசதியாகப் போய்விட்டது. நானும் போய்க் கதைக்கவில்லை.

கையெழுத்துப் படாத அந்த ஒப்பந்தம் இன்னும் என் வேலை வான் வண்டிக்குள் கிடக்கிறது. எலக்ரீசியன் என்ற ஒரு சொல் அன்று என் வாயில் வரவில்லை. பேச எனக்குத் தந்திருந்த தலைப்பு, தலைமைத்துவம்.