ரிவர்ஸ் கியர்

மாங்காய் லாரி ஓட்டும் துலுக்காணம், சேற்றில் சிக்கினால் ரிவர்ஸ் போடுவதில்லை. முன்னொரு மழையில், சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்த தம்பி எத்திராஜ், அவர் ரிவர்ஸ் போட்டபோதுதான் நசுங்கிச் செத்தான்.

இந்த மழையில் புத்தூர்ப் பக்கம் ஒரு தோப்பில் பின்சக்கரம் புதைந்தது. செகண்ட் கியரில் கிளட்சை மெல்ல விட்டும் சக்கரம் சுழன்று இன்னும் இறங்கியது.

"உறுமிக்கினே இருந்தா எப்படிண்ணா? காய் அழுவிடும். கொஞ்சம் பின்னால வுட்டு எடு," என்றாள், ஆட்களோடு நின்ற தோப்புக்கார மல்லிகா.

"எல்லாரும் என் கண்ணு முன்னால வந்து நில்லுங்க."

"வந்துட்டோம். பின்னால காக்கா கூட இல்ல."

ஆட்களை ஒருமுறை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டார். லாரி பின்னால் ஆடி, முன்னால் பாய்ந்து மேடேறியது. ஆட்கள் கைதட்டினார்கள். துலுக்காணமோ இறங்கி ஓடி, சக்கரம் புதைந்த குழியில் கையை முழங்கை வரை விட்டுத் துழாவினார்.

"என்னண்ணா தேடறே?"

"இரும்மா. குழியோட அடி இன்னும் கைல தட்டல."