காது மந்தமான மைக்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பாடும் ஆகி, நான் மைக்கை எடுத்து மேசைமேல் வைத்தால் போதும், அப்பா நாற்காலியைத் தூக்கிவிடுவார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். "நீ பாடும்மா, நான் அப்பிடி வெளிய குந்தினு வரேன்" என்பார். வெளியே என்றால், தங்கச் சுரங்கத்துக் கழிவுமண்ணைக் கொட்டிக் குவித்த சயனைட் மேட்டுக்கு நேர் எதிரே. காற்றடித்தால் மேட்டுத் தூசியெல்லாம் எங்கள் லைன் வீடுகள் மீதுதான் வந்து இறங்கும். சுரங்கத்தில் கல்தூசி குடித்த நுரையீரல் அவருடையது. ஞாயிறு நான் பாடினால் திங்கள் முழுக்க அவர் இருமுவார். என் பாட்டுக்கு இவ்வளவு உடனடியான விமர்சனம் வேறு யாரும் தந்ததில்லை.

இத்தனைக்கும் அந்த மைக்கை நான் ஆராய்ச்சி செய்துதான் வாங்கினேன். மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயிலில் தூங்காத ஒரே பயணி நான்தான். 'புதிதாக இசையமைக்க வருபவர்களுக்கு மலிவான மைக்' என்று எத்தனை வீடியோ உண்டோ அத்தனையும் பார்த்தேன். கண்டென்சர் மைக் வாங்குங்கள், மூச்சு விடுவதுகூடக் கேட்கும் என்றார்கள். சொன்னவர்கள் எல்லாரும் சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய அறையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்கிறது.

மைக் வந்த பிறகுதான், அதற்கு மின்சாரம் கொடுக்கத் தனியாக ஒரு பெட்டி வேண்டும், தாங்கி வேண்டும், கேபிள் வேண்டும் என்று தெரிந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். எல்லாம் வாங்கி மாட்டினேன். மூச்சு கேட்டது உண்மைதான். கூடவே பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், அதற்கடுத்த வீட்டு சீரியல் மாமியார், எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் இருமல். முதல் பதிவைப் போட்டுக் கேட்ட அன்று அப்பாவும் கேட்டார். அடுத்த ஞாயிறு நாற்காலி வெளியே போனது.

பாட்டு முடிந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அதற்கும் அவரே வழி சொன்னார். சுரங்க வாயில் கேஜுக்கு மணி அடிக்கிற வேலை பார்த்தவர் அவர். ஆட்கள் ஏறி இறங்கும் அந்தக் கூண்டு, மணிக்குத்தான் கட்டுப்படும்.

"கதவ ஒண்ணு தட்டுனா நான் கம்முனு இருக்கணும். ரெண்டு தட்டுனா உள்ள வரலாம். இன்னா?"

நன்றாகத்தான் நடந்தது, நான் சாம்ப்ளர் வாங்கும்வரை. எந்தச் சத்தத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, தட்டினால் திருப்பித் தரும் சின்னப் பெட்டி அது. மலிவானதில் தேடி, கைக்கு அடக்கமாக ஒன்று வாங்கி, கதவைத் தட்டும் சத்தத்தையே தாளமாகப் பதிந்து வைத்தேன். அவ்வளவு புத்திசாலி நான். ஞாயிறு மதியம் தாளத்தை ஓடவிட்டுப் பாட ஆரம்பித்தேன். தும் தும். அப்பா உள்ளே வந்தார். அடக்கி வைத்திருந்த இருமலை எல்லாம் இருமினார். தும். வெளியே போனார். தும் தும். திரும்பி வந்தார்.

"இந்த மாதிரி மணி அடிச்சா கேஜ்ல எவம்மா ஏறுவான்?" என்றார்.

சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி அவர் இருமியதில் எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. பாட்டை விட்டுவிட எனக்கு மனமில்லை, அவரைத் தூசியில் உட்காரவைக்கவும் முடியாது. மறுநாள் வேலை முடிந்ததும் பெங்களூரில் ஒரு கடைக்குப் போனேன். நன்றாகக் கேட்கும் மைக்கைத்தான் எல்லாரும் கேட்பார்களாம். இருப்பதிலேயே காது மந்தமான மைக் எது என்று நான் கேட்டதும், கடைக்காரர் ஒரு கணம் பார்த்தார்.

"ரூம்ல ரொம்ப சத்தமா, மேடம்?"

"எங்கப்பா இருப்பார்."

"அவர கொஞ்ச நேரம் வெளிய இருக்கச் சொல்லலாமே."

"அப்படிச் சொல்லாம இருக்கத்தான் வந்திருக்கேன்."

டைனமிக் மைக் ஒன்றை எடுத்து வைத்தார். மேடைக் கச்சேரியில் கையில் பிடித்துப் பாடுகிற வகை. வாயருகே வைத்தால்தான் கேட்கும், தள்ளி இருப்பதைக் கண்டுகொள்ளாது. விலையும் குறைவு. நான் பார்த்த வீடியோக்காரர்கள் ஒருவர்கூட இதை மதிக்கவில்லை.

அந்த ஞாயிறு அப்பா நாற்காலியில் கை வைத்ததும், "போவாதீங்கப்பா, இங்கயே குந்துங்க. இருமல் வந்தா இருமுங்க" என்றேன். அவர் நம்பவில்லை. முதல் சரணம் வரை முகம் சிவக்க அடக்கிக்கொண்டிருந்தார். அதன் பிறகு முடியவில்லை. குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். நான் நிறுத்தாமல் பாடி முடித்தேன்.

ஹெட்போனை அவர் காதில் மாட்டி, பதிவைப் போட்டுவிட்டேன். என் குரல் இருந்தது, தாளம் இருந்தது, வேறு எதுவும் இல்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வாழ்க்கையில் நான் யோசித்து வாங்கி உருப்பட்ட முதல் பொருள் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஹெட்போனைக் கழற்றினார். "நல்லா கீதும்மா" என்றார். மைக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் உன் பக்கத்துலயேதான குந்தினு இருந்தேன்?"

"ஆமாப்பா."

"என்ன எங்கயுமே காணமே."

இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, கடைசி வரை தேடிக்கொண்டிருந்தார்.